இல்லாத கல்யாணத்துக்கு வீடு வீடாக…

போன வாரம் மாங்காட்டில் எங்கள் தெருவில் ஒரு கல்யாணச் செய்தி பரவியது. பால் வண்டி வந்து போவதற்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. தெரியாத ஆள் ஒருத்திதான் — கல்யாணப் பெண்.

பெண்ணைப் பெற்றவருக்கும் தெரியாது.

பெற்றவர் பெயர் செல்வி. எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு. முன் அறையில் கிரைண்டர் போட்டு இட்லி மாவு அரைத்து விற்கிறார். வீட்டுக்காரர் பாடியில் ஒரு ஃபேக்டரியில் இருந்தார். தவறிவிட்டார். ஒரே மகள் ரேவதி. பூந்தமல்லியில் ரத்தம் டெஸ்ட் செய்யும் லேபில் வேலை.

நான் லோடு வண்டி ஓட்டுகிறவன் என்பது இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும். அன்றைக்கு வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்துத் தெரு குமுதா வேகமாக வந்தார். கையில் மாவு வாங்கும் தூக்கு இல்லை. அப்போதே தெரிந்தது — வியாபாரத்துக்கு வரவில்லை, சண்டைக்கு வந்திருக்கிறார்.

"இன்னா செல்வி, பெரிய ஆளாயிட்ட போல கீதே?"

செல்வி கிரைண்டரை நிறுத்தினார். "இன்னாக்கா?"

"பொண்ணுக்குக் கல்யாணம் வெச்சிகினு போன்ல பத்திரிகை உடறே. ரெண்டு தெரு நடந்து வந்து, தட்டுல வெத்தல பாக்கு வெச்சிக் கூப்ட்டா உன் காலு தேஞ்சிடுமா?"

"யார் பொண்ணுக்குக்கா?"

"டபாய்க்காதே. உன் நம்பர்லேர்ந்துதான் வந்துகீது. இத்த பாரு."

காட்டினார். செல்வி நம்பர்தான். செல்வி போட்டோதான். 'எங்கள் இல்லத் திருமண விழா. குடும்பத்துடன் அவசியம் வரவும்.' கீழே பத்திரிகை என்று ஒரு ஃபைல்.

"தொறந்து பாத்தியாக்கா?"

"நான் ஏன் தொறக்கறேன்? மரியாதை இல்லாத பத்திரிகைய நான் கையால தொட மாட்டேன்."

அந்த ரோஷம்தான் குமுதாவைக் காப்பாற்றியது. அது அவருக்கு அப்புறம்தான் தெரியும்.

எங்கள் பக்கம் அப்படித்தான். எதிர் வீடாக இருந்தாலும் தட்டோடு போய் நிற்க வேண்டும். "வந்துடணும்" என்று வாயால் சொல்ல வேண்டும். வீட்டு ஆம்பிளையிடம் பத்திரிகையைக் கொடுத்துவிட்டு, அம்மாவிடம் சொல்லாமல் போனார்கள் என்பதற்காக மண்டபத்துப் பக்கமே வராதவர்களை நான் பார்த்திருக்கிறேன். இப்போது வெளியூர்க்காரர்களுக்கு மட்டும் போனில் அனுப்பினால் போதும் என்று கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறார்கள்.

அந்தச் சின்னச் சந்துக்குள்தான் திருடன் புகுந்திருக்கிறான். கெட்டிக்காரன். லாட்டரி விழுந்தது என்றால் இப்போது யாரும் நம்புவதில்லை. பேங்க் என்று போன் வந்தால் வைத்துவிடுகிறோம். கல்யாணப் பத்திரிகையை? யாருக்கு, எங்கே, எந்த மண்டபம் என்று பார்க்காமல் விடுவோமா?

ரேவதி பல் தேய்த்துக்கொண்டே வெளியே வந்தாள். குமுதாவின் போனைப் பார்த்தாள். பிரஷ் வாயிலேயே நின்றுவிட்டது.

"ம்மா… நேத்து எதுனா தொறந்தியா?"

செல்வி யோசித்தார். "மெஸ் வெச்சிகீறாரே, அவரு ஊட்டுப் பத்திரிகை வந்துச்சி. தொட்டேன். இன்ஸ்டால்னு ஏதோ கேட்டுச்சி. சரின்னு அமுக்கனேன்."

"ஏம்மா அமுக்கனே?"

"இப்பல்லாம் பத்திரிகையே பாட்டு பாடுது, பொம்மை ஆடுது. அதுக்குத்தான் கேக்குதுன்னு நெனச்சேன். கல்யாண ஊடுன்னா மாவு ஆர்டர் வருமே… எப்பன்னு பாக்கலாம்னு."

அது பத்திரிகை இல்லை. ஒரு ஆப். உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். போனுக்கு வரும் மெசேஜ் எல்லாம் அவன் கைக்குப் போகும். ஓடிபி உட்பட. போதாது என்று, போனில் இருக்கிற எல்லா நம்பருக்கும் அதே பத்திரிகையை நம் பெயரிலேயே அனுப்பும். மெஸ்காரர் வீட்டிலும் கல்யாணம் இல்லை. அவரும் யாரோ அனுப்பியதை அமுக்கியவர்தான்.

ரேவதி நல்ல பெண். கத்தவில்லை. அம்மா போனை அணைத்து சிம்மைக் கழற்றினாள். தன் போனில் பேங்குக்கும் சைபர் கிரைமுக்கும் சொன்னாள். செல்வி கணக்கில் பெரிதாக ஒன்றும் இல்லை. முதல் நாள்தான் அரிசி, உளுந்து வாங்கியிருந்தார். தொட்டுப் பார்த்தவனுக்கு ஏமாற்றம்தான்.

குமுதா இப்போது வேறு மாதிரி பேசினார். "அப்பாடா. துட்டு போவல. வுடு செல்வி."

செல்வி விடவில்லை. மாவுக் கையைக்கூடக் கழுவாமல் நின்றார்.

"துட்டு போனா அரைச்சி சம்பாரிச்சிக்குவேன்க்கா. என் பேர்ல ஊரையே கூப்ட்டு வெச்சிகீறானே. நான் கூப்ட்டேன்னுதானே தொறப்பாங்க?"

அப்போதுதான் ரேவதி மெதுவாகக் கேட்டாள். "ம்மா… ஆவடி நம்பர் உன் போன்லதானே கீது?"

எனக்குச் சுருக்கென்றது.

ஆவடி என்றால் சரோஜா அக்கா. எனக்கு ஒன்று விட்ட அக்கா முறை. அவர் மகனுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை. நான்தான் ரேவதியைப் பற்றிச் சொன்னேன். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை வந்து பெண் பார்த்தார்கள். காபி குடித்தார்கள். சிரித்துப் பேசினார்கள். வெள்ளிக்கிழமை பதில் சொல்கிறோம் என்று போனார்கள். பையனை ரேவதிக்குப் பிடித்திருந்தது. அவள் சொல்லவில்லை. எந்தக் கேள்விக்கும் "உங்க இஷ்டம்" என்றாள். எங்களுக்குத் தெரியாதா?

இப்போது அந்த வீட்டுக்கு, பெண் வீட்டிலிருந்தே, பெண்ணின் கல்யாணப் பத்திரிகை போயிருக்கிறது. நீங்கள் மாப்பிள்ளை வீட்டுக்காரராக இருந்தால் என்ன நினைப்பீர்கள்?

"போன் போடு, சொல்லிடலாம்" என்றேன்.

போட்டோம். சரோஜா அக்கா எடுக்கவில்லை. கோபம் வந்தால் அவர் எடுக்க மாட்டார். எனக்குத் தெரியும்.

ரேவதி தன் நம்பரிலிருந்து தெரு குரூப்பில் ஒரு மெசேஜ் போட்டாள். 'அம்மா போனிலிருந்து வந்த பத்திரிகையைத் திறக்காதீங்க. கல்யாணம் எதுவும் இல்லை.' உடனே பதில் வந்தது. 'நீ யாருமா? இது இன்னா புது ஏமாத்து?' இன்னொருவர் கேட்டார்: 'மாப்ள ஓடிட்டாரா?' மூன்றாவது ஆள் ஒரு அழுகிற பொம்மை போட்டார்.

செல்வி அதை எட்டிப் பார்த்தார். "இனிமே போன்ல எத்த சொன்னாலும் நம்ப மாட்டாங்க. மூஞ்சிய காட்டுனாதான் நம்புவாங்க" என்றார்.

கையைக் கழுவினார். புடவை மாற்றினார். வந்து என் வண்டி பக்கத்தில் நின்றார்.

"ணா, இன்னிக்கி லோடு கீதா?"

இருந்தது. இல்லை என்றேன்.

"மொதல்ல ஆவடி போலாம். அங்கதான் அவசரம்" என்றேன்.

"இல்லணா. அவங்க வெறுப்புல கீறாங்க. இப்ப தொறக்க மாட்டாங்க. நம்ம ஊட்டு கல்யாணம்னு கேட்டு எவங்க சந்தோஷப்படுவாங்களோ, அவங்கதான் ஒடனே தொறப்பாங்க. அங்க மொதல்ல போணும்."

வண்டியை எடுத்தேன். ரேவதி கடையில் நின்றுகொண்டாள். வருகிறவர்களுக்கு எல்லாம் சொல்ல வேண்டுமே.

அது ஒரு புது மாதிரி ஊர்வலம். கல்யாணத்துக்கு அழைக்க வீடு வீடாகப் போய்ப் பார்த்திருக்கிறேன். அழைக்காமல் இருக்க வீடு வீடாகப் போனதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

குமணன்சாவடியில் நூர்ஜஹான் அக்கா. ப்ளவுஸ் தைக்கிறவர். செல்வியைப் பார்த்ததும் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"சொல்லவே இல்லியே செல்வி! நானே தைக்கறேன், காசு வாங்க மாட்டேன். ரேவதிய அளவு குடுக்கச் சொல்லு. முகூர்த்தப் புடவ இன்னா கலரு?"

"நூரக்கா, கல்யாணமே இல்ல. அத்த தொறந்தியா?"

"எங்க தொறக்கறது? போன்ல எடமில்லன்னுடுச்சி. பேரப்பசங்க வீடியோவா அடைச்சி வெச்சிகீதுங்க. அழிச்சிட்டு அப்பால பாக்கலாம்னு வெச்சேன்."

செல்வி அந்த போனை வாங்கி, தானே ஃபைலை அழித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். நூர்ஜஹான் அக்காவுக்கு விஷயம் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் அவர் கேட்டது ஒன்றுதான். "அப்ப நெஜமாவே இல்லியா?" அந்த ஏமாற்றம் இருக்கிறதே… திருடன்மேல் எனக்கு அப்போதுதான் முதலில் கோபம் வந்தது.

வானகரத்தில் ஒரு பெரிய அபார்ட்மென்ட். செல்வியிடம் மாவு வாங்குகிற வீடுகள் அங்கே நிறைய. வாட்ச்மேன் நிறுத்தினார்.

"எந்த ஊடு? இன்னா விஷயம்?"

"எங்க ஊட்ல கல்யாணம் இல்ல. அத்த சொல்லணும்."

வாட்ச்மேன் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

"கல்யாணம் இல்லன்னு சொல்றதுக்கா வந்துகீறீங்க? எங்க ஊட்லயும்தான் இல்ல. நான் யார்கிட்ட போய் சொல்றது?"

செல்வி சிரிக்கவில்லை. விளக்கமாகச் சொன்னார். அந்த ஆள் நல்லவர். கேட்டுவிட்டு, இன்டர்காமில் ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டு, செல்வியையே பேசச் சொன்னார். செல்வி ஒவ்வொரு வீட்டிலும் அதே வார்த்தையைச் சொன்னார். "நான் ஏமாந்துட்டேம்மா. நீங்க ஏமாறாதீங்க." அதே வார்த்தை. கேட்டுக்கொண்டே இருந்தேன்.

சுலபமா அது? ஏமாந்தவர்கள் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். நம்பரை மாற்றுவார்கள். ஸ்டேட்டஸில் 'என் போன் ஹேக் ஆகிவிட்டது' என்று ஒரு வரி போட்டுவிட்டு உள்ளே போய்விடுவார்கள். படித்தவர், படிக்காதவர் எல்லாருக்கும் இதில் ஒரே புத்திதான். வெளியே தெரிந்தால் மானம் போகும். செல்வி அந்த மானத்தைக் கையில் எடுத்துக்கொண்டு கதவு கதவாகத் தட்டினார். சிலர் பாவம் என்றார்கள். சிலர், "பட்டன அமுக்கறதுக்கு முன்னாடி யோசிக்க வாணாமா?" என்றார்கள். ஒரு வீட்டில் கதவைத் திறக்காமல் ஜன்னல் வழியாகவே, "மாவு வாணாம்" என்றார்கள். அதற்கும் ஜன்னல் வழியாகவே பதில் சொல்லிவிட்டு வந்தார்.

பாடிக்குப் போகும்போது வெயில் ஏறிவிட்டது. அங்கே கன்னியப்பன். செல்வியின் வீட்டுக்காரர் ராமுவோடு ஒரே ஃபேக்டரியில் வேலை பார்த்தவர். ரிட்டயர் ஆகிவிட்டார். மனைவி இல்லை. மகன் வெளிநாடு. தனியாள்.

கதவு திறந்தே இருந்தது. எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்தார். சட்டை போட்டுக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை.

"வாம்மா, வா! நானே கெளம்பிகினு இருந்தேன் உன்ன பாக்க. ராமு பொண்ணுக்குக் கல்யாணம்! அவன் இருந்திருந்தா இன்னிக்கி இந்தத் தெருவையே ரெண்டு பண்ணியிருப்பான்."

"மாமா, போன் எங்க?"

"அந்தப் பத்திரிகைதானே? தொறக்கவே மாட்டேங்குதும்மா. காலையிலேர்ந்து அனுமதி குடு, அனுமதி குடுன்னு கேட்டுகினே கீது. நானும் குடுத்துகினே கீறேன்."

செல்வி போனைப் பிடுங்கினார். அணைத்தார். பெரியவர் திகைத்துப் போய் நின்றார்.

"இன்னாம்மா?"

"கல்யாணம் இல்ல மாமா. திருட்டுப் பய அனுப்புனது. உங்க பென்ஷன் எந்த பேங்குல வருது?"

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். பேங்க் பெயரைச் சொல்லவில்லை. "கல்யாணம் இல்லியா?" என்றார்.

அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு பேங்குக்குப் போனோம். கூட்டம். டோக்கன் வாங்கி உட்கார்ந்தோம். அப்போது என் போன் அடித்தது. சரோஜா அக்கா.

வெளியே வந்து எடுத்தேன்.

"டேய் தம்பி, இன்னா வேல பண்ணிகீற நீ? வேற எடத்துல முடிச்சிகினு, எங்களுக்கே பத்திரிகை அனுப்பறாங்க. கொழுப்பா?"

"அக்கா, அது பொய்யி. தொறக்காதே அத்த."

"நான் இன்னாத்துக்குத் தொறக்கணும்? எவன் தாலி கட்றான்னு பாக்கவா?"

"அக்கா, போன்ல எவனோ புகுந்து…"

"கத உடாதே. கல்யாணத்த மறைக்க ஒரு கத, காட்ட ஒரு கத. நாங்க சாயங்காலம் திருநின்றவூர்ல ஒரு பொண்ணு பாக்கப் போறோம். சொல்லிடு உங்க ஆளுங்ககிட்ட."

வைத்துவிட்டார்.

உள்ளே போய் செல்வியிடம் சொன்னேன். மறைத்து என்ன செய்வது? பாடியிலிருந்து ஆவடி ஒன்றும் தூரமில்லை. அப்போதே கிளம்பினால் பிடித்துவிடலாம்.

செல்வி கவுன்டரைப் பார்த்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கன்னியப்பனைப் பார்த்தார். பெரியவர் பாஸ்புக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இவரு வேல முடியட்டும்ணா."

"ரேவதி விஷயம்மா அது."

"தெரியும்ணா."

அவ்வளவுதான். செல்வியின் கழுத்தில் வேர்த்திருந்தது. துடைக்கக்கூட இல்லை. மகள் கல்யாணம் ஒரு பக்கம். தன் பெயரை நம்பி ஏமாந்த பெரியவர் ஒரு பக்கம். நானாக இருந்தால்? "ஐயா, நீங்க உக்காருங்க, ஒரு எட்டு போயிட்டு வந்துடறேன்" என்று கிளம்பியிருப்பேன். அதை நியாயம் என்றும் சொல்லிக்கொண்டிருப்பேன்.

பேங்கில் ஒரு பெண் பொறுமையாகப் பார்த்தார். கணக்கிலிருந்து கொஞ்சம் போயிருந்தது. மிச்சத்தைப் பூட்டினார்கள். இன்னும் ஒரு மணி நேரம் விட்டிருந்தால் மொத்தமும் போயிருக்கும் என்று அந்தப் பெண் சொன்னார். அங்கிருந்தே புகார் பதிந்து கொடுத்தார்கள். போனது வருமா என்று கேட்டோம். "முயற்சி பண்றோம்" என்றார்கள்.

வெளியே வந்ததும் செல்வி, "மாமா, போன துட்ட நான் கொஞ்சம் கொஞ்சமா…" என்று ஆரம்பித்தார்.

"வாய மூடும்மா" என்றார் கன்னியப்பன். "திருடனவன் குடுக்கட்டும். நீ ஏன் குடுக்கறே?" பிறகு என்னிடம் திரும்பினார். "ட்ரைவரே, போன்ல யாரு கத்துனது? ஆவடின்னு காதுல உழுந்துச்சே."

சொன்னேன். கேட்டார். பேங்க் கொடுத்த காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். வண்டியின் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"மாமா, உங்கள ஊட்ல எறக்கி வுட்டுட்டு…"

"எறங்க மாட்டேன். நீ சொன்னா கதன்னுவாங்க. துட்டு வுட்டவன் நான் சொன்னா? ஓட்டு ட்ரைவரே."

அம்பத்தூரில் டிராஃபிக். சொல்ல வேண்டியதில்லை. செல்வி நடுவில் உட்கார்ந்து ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஆவடியில் நாங்கள் போய் இறங்கியபோது வாசலில் ஆட்டோ நின்றுகொண்டிருந்தது. சரோஜா அக்கா பட்டுப்புடவையில் இருந்தார். கையில் பூப்பை. மகன் கதவோரம் நின்றான். பல்வலிக்காரன் மாதிரி முகம்.

சரோஜா அக்கா "வாங்க" என்று சொல்லவில்லை. செல்வியும் எதிர்பார்க்கவில்லை. நேராகப் போய் நின்றார்.

"மொதல்ல உங்க போன்ல அத்த அழிச்சிடுங்க. அப்பால என்ன எவ்ளோ வேணாலும் திட்டுங்க."

"எதுக்கு அழிக்கணும்?"

"அது பத்திரிகை இல்லீங்க. நான் ஏமாந்து அமுக்கிட்டேன். அது என் பேர்ல எல்லாருக்கும் போயிடுச்சி. எம்பொண்ணுக்கு வேற எடம் பாக்கல. உங்க பதிலுக்குத்தான் ஒக்காந்துகீறோம்."

"காலையிலேயே வந்து சொல்றதுக்கு இன்னா? பொழுது சாயற நேரத்துலதான் ஆவடிக்கு வழி தெரிஞ்சுதா?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் கன்னியப்பன் முன்னால் வந்துவிட்டார்.

"லேட்டானதுக்கு நான்தான்மா காரணம். இந்தப் பொண்ணு ஊட்டு கல்யாணம்னு சந்தோஷத்துல நான் அமுக்கிட்டேன். என் பென்ஷன காப்பாத்தணும்னு பேங்குலயே குந்திகினா. நீங்க வேற எடம் பாக்கப் போறீங்கன்னு தெரிஞ்சும் எழுந்திரிக்கல. இந்தா, பேங்குல குடுத்தது. வேணும்னா படிச்சிக்கோ."

சரோஜா அக்கா காகிதத்தை வாங்கவில்லை. செல்வியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். முழங்கையில் காய்ந்துபோன மாவு இருந்தது. அதையும் பார்த்தார். தன் போனை எடுத்து நீட்டினார். "எப்டி அழிக்கறது? நீயே அழி."

செல்வி அழித்தார்.

"உக்காருங்க, தண்ணி குடிங்க" என்றார் சரோஜா அக்கா. பிறகு என்னைப் பார்த்து, "திருநின்றவூர்க்காரங்ககிட்ட சொல்லிட்டோம் தம்பி. காத்துகினு இருப்பாங்க. போவாம இருந்தா அந்தப் பொண்ணுக்குத்தான் கஷ்டம். போயிட்டுதான் வரணும்" என்றார்.

"போயிட்டு வாங்க. அதுதான் மொற" என்றார் செல்வி.

ஆட்டோ கிளம்பியது. நாங்களும் கிளம்பினோம். கன்னியப்பனை இறக்கிவிட்டு மாங்காடு திரும்பும்வரை செல்வி ஒரே ஒரு வார்த்தைதான் பேசினார்.

"மாவு புளிச்சிப் போயிருக்கும்ணா."

அதற்கப்புறம் சில நாள் எங்கள் தெருவில் யாரும் ரேவதியைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதும் ஒரு மாதிரி கேட்பதுதான். செல்வி புது சிம் வாங்கினார். விட்டுப்போன ஆட்களை மாலையில் நடந்தே போய்ப் பார்த்தார். மாவு வியாபாரம் குறையவில்லை. கொஞ்சம் கூடியது என்றே சொல்லலாம். ஜன்னல் வழியாகப் பேசிய வீட்டிலிருந்துகூட ஆள் வந்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. காலை முழுக்க போன் வரவில்லை. ரேவதி லீவு போடவில்லை. வேலைக்குப் போய்விட்டாள். அம்மாவும் மகளும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை என்று பிறகு தெரிந்தது.

அவள் திரும்பி வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். தெருவில் ஒரு ஆட்டோ நுழைந்தது. சரோஜா அக்கா இறங்கினார். பின்னால் மகன். அவன் கையில் தட்டு. பூ, பழம், வெற்றிலை பாக்கு.

செல்வி ஈரக் கையோடு எழுந்து நின்றார்.

"போன்ல சொல்லிடலாம்னுதான் எடுத்தேன்" என்றார் சரோஜா அக்கா. "அப்பால, நீங்கதான் இப்ப எத்தயும் நம்ப மாட்டீங்களேன்னு வெச்சிட்டேன். நேர்ல வந்துட்டோம்."

செல்வி ஈரக் கையை முந்தானையில் துடைத்தார்.

"திருநின்றவூர் பொண்ணும் நல்ல பொண்ணுதான்" என்றார் சரோஜா அக்கா. "ஆனா சம்பந்தி எப்டிப்பட்டவங்கன்னு கல்யாணத்துக்கு அப்பாலதான் எல்லாருக்கும் தெரியும். எங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிப் போச்சி."

ரேவதி கதவோரம் நின்றாள். அவளை யாராவது கேட்க வேண்டாமா? நான் கேட்டேன். "இன்னாம்மா, உன் இஷ்டம் இன்னா?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. பையனைப் பார்த்தாள். "ஒண்ணு கேக்கலாமா? உங்க போனுக்கும் அந்தப் பத்திரிகை வந்துச்சா?"

அவன் தட்டைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான். "அம்மா எனக்கு ஃபார்வர்ட் பண்ணாங்க."

"தொறந்தீங்களா?"

அம்பத்தூரில் அவனுக்கு என்ன வேலை தெரியுமா? சாமான் நல்லதா கெட்டதா என்று சோதித்து அனுப்புகிற வேலை.

"தொறந்தேன்" என்றான். "மாப்ள யாருன்னு பாக்கணும்னு…"

சரோஜா அக்காவுக்கே இது புதுச் செய்தி. "அடப்பாவி! அதான் போன் ரிப்பேர்னு சொன்னியா?" சம்பளம் வருவதற்கு முந்தின நாள் என்பதால் கணக்கு காலி. தப்பித்தான். கடையில் போனை முழுசாக அழித்துத்தான் கொடுத்தார்களாம்.

ரேவதி சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். அதுதான் பதில் என்று எங்களுக்கெல்லாம் புரிந்தது. அங்கேயே பூ வைத்துவிட்டார்கள்.

உங்களுக்கும் பத்திரிகை வரும். படமாக வந்தால் பாருங்கள். இன்ஸ்டால் செய்யச் சொன்னால் அது பத்திரிகை இல்லை, அனுப்பியவரை நேரில் கேளுங்கள். அதையும் மீறி அமுக்கிவிட்டால் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளாதீர்கள். நாலு பேரிடம் சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டியவன் திருடன், நீங்கள் இல்லை. எனக்கு இதையெல்லாம் யாரும் பாடம் நடத்திச் சொல்லவில்லை. வண்டி ஓட்டிக்கொண்டே பக்கத்தில் பார்த்தேன்.

மாப்பிள்ளையின் போனில் பழைய நம்பர் எல்லாம் போய்விட்டது. இப்போதைக்கு அதில் ஒரே ஒரு நம்பர்தான் இருக்கிறதாம் — அம்மா நம்பர் இல்லை.